பெயருக்குப் பொருள் சொன்னவர்

அவர் மேல் எனக்கு இருக்கும் கோபம் இன்னும் தீரவில்லை. செத்தவர்கள் மேல் கோபம் வைத்திருக்கக் கூடாதென்று எங்கள் பங்குச் சாமியார் பாவசங்கீர்த்தனத்தில் இரண்டு தடவை சொல்லிவிட்டார். சரி சாமி என்று தலையாட்டிவிட்டு எழுந்து வருவேன். கோயில் வாசலைத் தாண்டி பஸ் ஏறுவதற்குள் கோபம் திரும்ப வந்துவிடும். அவர் நல்லவர் என்பதுதான் எனக்கு ஆத்திரம். கெட்டவராக இருந்திருந்தால் என்றைக்கோ தலைமுழுகியிருப்பேன்.

எண்பத்து நாலில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்தேன். அங்கே அவர் டைம் ஆபீஸ் பார்த்தார். கேட்டுக்குள் நுழைந்ததும் இடது கைப் பக்கம் கம்பி வலை போட்ட ஒரு ஜன்னல், அதற்குப் பின்னால் அவர், அவருக்கு முன்னால் வருகைப் பதிவேடு. உள்ளே வேலை செய்கிற அத்தனை பேருக்கும் டோக்கன் நம்பர் உண்டு. சூப்பர்வைசர்கள் நம்பரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். இவர் ஒருத்தர்தான் முழுப் பெயரையும் சொல்லிக் கூப்பிடுவார். அதோடு விட்டால் பரவாயில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு, அந்தப் பெயருக்குப் பொருளும் சொல்லுவார்.

முதல் நாள் நான் ஏழு நிமிஷம் லேட்.

"விக்டோரியா," என்று என் பெயரை எழுதினார். "லத்தீன் பேரும்மா. வெற்றின்னு அர்த்தம். ரோமாபுரியில இந்தப் பேர்ல ஒரு தெய்வமே இருந்தா. ரெக்கையெல்லாம் உண்டு அவளுக்கு."

"ரெக்கை இருந்தா நான் ஏன் சார் வில்லிவாக்கத்துல ரயிலோட நின்னுக்கிட்டு இருக்கேன்? லேட் மார்க் போட்டுடாதீங்க சார்."

விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே லேட் மார்க் போட்டார்.

அவர் அப்படித்தான். கேன்டீனில் டீ ஊற்றும் பிலிப்பிடம், "உன் பேரு கிரேக்கு. குதிரைமேல பிரியம் உள்ளவன்னு அர்த்தம்," என்றார். பிலிப் கெட்டிலைக் கீழே வைத்துவிட்டு, "குத்ரையா? நான் எர்ம மாட்டப் பாத்தாலே சந்துல பூந்து ஓடற ஆளு நைனா!" என்றான். மானேஜர் ஜார்ஜுக்கு, ஏ.சி. ரூமை விட்டு நகராத அந்த மனுஷனுக்கு, உழவன் என்று பொருள் சொன்னார். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. தன் பெயரை ஒருத்தர் இவ்வளவு அக்கறையாகக் கையில் எடுத்துப் பார்க்கிறார் என்றால் யாருக்குத்தான் பிடிக்காது? வெல்டர் ஒருவர் தன் குழந்தைக்குப் பெயர் கேட்டு வந்தார். இவர் மூன்று வாரம் எடுத்துக்கொண்டு, புத்தகத்தை எல்லாம் புரட்டி, அருமையான ஒரு பெயரோடு போனபோது அந்தக் குழந்தைக்குக் குட்டிம்மா என்ற பெயரே நிலைத்துவிட்டிருந்தது.

ஒரு சம்பவம் மட்டும் அப்போதே எனக்கு உறுத்தியது. பிரஸ் ஷாப்பில் ஒரு ஃபிட்டருக்கு மெஷினில் கை மாட்டி, ஆள்காட்டி விரல் நுனி நசுங்கிவிட்டது. கழிவுத் துணியைச் சுற்றிக்கொண்டு டைம் ஆபீஸ் ஜன்னலுக்கு வந்து நிற்கிறான். விபத்து ஃபாரத்தை அவர்தான் நிரப்ப வேண்டும். நான் ஏதோ லெட்டர் கொடுக்க அங்கே போயிருந்தேன். துணியிலிருந்து ரத்தம் சொட்டுகிறது. இவர் பேனாவை எடுத்து, "பெயர், பரசுராமன்," என்று எழுதிவிட்டு நிமிர்ந்து, "பரசுன்னா கோடாலிப்பா. கோடாலி ஏந்தின..." என்று ஆரம்பித்தார்.

"சார்! பேரு கெடக்கட்டும் சார்! கைய பாரு சார்!" என்று அலறினான் அவன்.

அவர் முகம் சுண்டிப்போய்விட்டது. உடனே ஓடி, வண்டி வரவழைத்து, ஆஸ்பத்திரி வரைக்கும் கூடவே போய், மூன்று நாள் அவன் வீட்டுக்குச் சாப்பாடு எடுத்துப் போனார். கல்நெஞ்சுக்காரர் இல்லை. ஆனால் ஆளுக்கும் அவருக்கும் நடுவில் எப்போதும் அந்த ஆளின் பெயர் வந்து நின்றுகொள்ளும். அதைத் தாண்டி வர அவருக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

அடுத்த வருஷம் எனக்குக் கல்யாணமாகி மேனாம்பேட்டுக்குக் குடி வந்தேன். அவர் வீடு அதே தெருவில், எங்கள் வீட்டிலிருந்து நாலாவது. மனைவி இல்லை. மகளுக்கு நாலு வயதாக இருக்கும்போதே மஞ்சள் காமாலையில் போய்விட்டாராம். மகளை அவரே தலை பின்னி, மதியத்துக்கு டப்பா கட்டி வளர்த்தார். நான் போனபோது அவளுக்குப் பதினாறு வயது. தெருவே அவளைச் சந்திரா என்று கூப்பிட்டது. அவளுடைய முழுப் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. மரிய கசாண்ட்ரா.

அந்தப் பெயர் வந்த கதையை அவரே எனக்குச் சொல்லியிருக்கிறார். அவர் கோயில் அனாதை விடுதியில் வளர்ந்தவர். அங்கே ஒவ்வொரு பிள்ளைக்கும் வெளிநாட்டில் ஒரு உபகாரி இருப்பார். இவருடைய உபகாரியம்மா ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஒரு வாழ்த்து அட்டையும் கம்பளிச் சட்டையும் அனுப்புவார். மெட்ராஸ் வெயிலுக்குக் கம்பளிச் சட்டை! இவர் அதையும் போட்டுக்கொண்டு பூசைக்குப் போவாராம். அட்டையின் அடியில் கசாண்ட்ரா என்று கையெழுத்து. அந்த அம்மாளின் முகத்தை இவர் ஒருநாளும் பார்த்ததில்லை. உலகத்தில் தனக்கென்று இருந்த ஒரே ஆளின் பெயர் அதுதான் என்றார். மகள் பிறந்ததும் அதையே வைத்தார். ஞானஸ்நானத்தின்போது சாமியார், இந்தப் பெயரில் புனிதர் யாரும் இல்லையே என்று தயங்கிவிட்டு, முன்னால் ஒரு மரியாளைச் சேர்த்து எழுதினாராம்.

பொருள் தெரிந்து வைத்த பெயர் இல்லை. பொருள் தெரிய பத்து வருஷம் ஆயிற்று. ஆயுத பூஜை அன்று கம்பெனிக்குக் குடும்பத்தோடு வரலாம். மெஷினுக்கெல்லாம் சந்தனம் பூசி, பொரிகடலை கொடுப்பார்கள். புது மெஷின் பொருத்த வந்திருந்த வெளிநாட்டு இன்ஜினியர் ஒருவர் குனிந்து இவருடைய மகளிடம் பெயர் கேட்டிருக்கிறார். அவள் சொன்னதும் மனுஷன் திடுக்கிட்டு, இந்தச் சின்னப் பெண்ணுக்கு யார் இந்தப் பெயரை வைத்தது என்று கேட்டாராம். அப்புறம் கதையைச் சொல்லியிருக்கிறார்.

கிரேக்கத்துக் கதை. கசாண்ட்ரா ஒரு ராஜகுமாரி. ஒரு தேவன் அவள் மேல் ஆசைப்பட்டு, இனி நடக்கப்போவதை முன்கூட்டியே அறிகிற வரத்தைக் கொடுத்தான். அவள் அவனுக்கு இணங்கவில்லை. கொடுத்த வரத்தைத் திருப்பி வாங்க முடியாது என்பதால் ஒரு சாபத்தையும் சேர்த்துவிட்டான். அவள் சொல்வதெல்லாம் நடக்கும், ஆனால் ஒருத்தரும் அதை நம்ப மாட்டார்கள். ஊர் அழியப்போகிறது என்றாள், நம்பவில்லை. அழிந்தது. தன்னைக் கொல்லப்போகிறார்கள் என்றாள், அதையும் யாரும் நம்பவில்லை.

"பொரிகடலை கையில வெச்சுக்கிட்டு அப்படியே நின்னுட்டேம்மா," என்றார் என்னிடம். "பெத்த பொண்ணுக்கு நானே சாபத்த எழுதி வெச்சிருக்கேன்."

அன்றைக்குத் தொடங்கியதுதான் இந்தப் புத்தகப் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சென்ட்ரலுக்கு ரயில் ஏறிப் பழைய புத்தகக் கடைகளில் பெயர் அகராதி தேடுவார். அந்தப் பெயருக்கு வேறு நல்ல பொருள் கிடைக்காதா என்று தேடத்தான் போனார். ஒரு புத்தகம் ஆண்களிடையே ஒளிர்கிறவள் என்றது. சந்தோஷப்பட்டார். இன்னொன்று ஆண்களைச் சிக்கவைப்பவள் என்றது. மூன்றாவது, இந்தப் பெயரின் வேர் யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது என்று கையை விரித்தது. இப்படித் தேடித் தேடி மற்றவர்கள் பெயரெல்லாம் அவருக்கு மனப்பாடமாகிவிட்டது. மகளுடையது மட்டும் பிடிபடவே இல்லை.

சாபத்தை ஏமாற்ற அவர் ஒரு வழி வைத்திருந்தார். மகள் என்ன சொன்னாலும் நம்புவார். மண்டையைப் பிளக்கும் வெயிலில் கறுப்புக் குடையை மாட்டிக்கொண்டு ஆபீஸுக்கு வருவார். என்ன சார் என்றால், "சந்திரா மழை வரும்னு சொல்லிச்சு," என்பார். பக்கத்து வீட்டு நாய் தன்னைப் பார்த்துச் சிரிக்கிறது என்று சின்ன வயதில் அவள் சொன்னபோது, போய் நின்று அந்த நாயைக் கால் மணி நேரம் பார்த்தாராம். "நான் ஒருத்தன் நம்பிட்டா சாபம் பலிக்காது பாரு," என்பார். எனக்குச் சிரிப்பாக இருக்கும். பொறாமையாகவும் இருக்கும். என் அப்பா நான் சொன்ன ஒன்றைக்கூட காதில் வாங்கியதில்லை.

தொண்ணூறில் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு ஐயப்பன்தாங்கல், எங்கள் வேதக்காரர்கள்தான், சொந்தமாக இரண்டு லேத் ஓடியது. இரண்டு வருஷமாகியும் குழந்தை இல்லை. தொண்ணூற்று இரண்டு ஈஸ்டருக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை.

எங்கள் வீட்டுச் சமையல்கட்டில் உட்கார்ந்து என்னிடம் சொன்னாள். அழவில்லை. ரவிக்கைக் கையை ஏற்றிக் காட்டினாள். கன்னிப்போய்க் கிடந்தது. "அதை விடுங்கக்கா. அடி ஆறிடும். அவங்க அம்மா அவருக்கு வேற பொண்ணு பார்த்து வெச்சிருக்காங்க. நம்ம கோயில்ல கட்டினவளை விலக்கிட்டு இன்னொருத்தியைக் கட்ட முடியாதுல்ல? நான் உசிரோட இருக்கற வரைக்கும் அவருக்குக் கோயில்ல கல்யாணம் கிடையாது. அதை அந்தம்மா என் எதிர்லயே எண்ணி எண்ணிச் சொல்றாங்க. போன வாரம் மண்ணெண்ணெய் கேனைக் கொண்டாந்து அடுப்புக்குப் பக்கத்துல வெச்சுட்டு, சமையக்கட்டுல ஜாக்கிரதையா இருன்னாங்க. நான் இந்தக் கிறிஸ்துமஸைப் பார்க்க மாட்டேங்க்கா."

அப்பாவிடம் சொன்னாயா என்று கேட்டேன்.

"சொன்னேன். எல்லாத்தையும் கேட்டுட்டு எழுந்து போய்ப் புஸ்தகத்தை எடுத்துட்டார்."

மறுநாள் டைம் ஆபீஸ் ஜன்னலில் அவரைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு கண்ணும் சிவந்திருந்தது. தூங்கவே இல்லை போல. "தப்பு என்னுதும்மா," என்றார். "அந்த வீட்ல அவ சொல்றதை ஒருத்தரும் காது குடுத்துக் கேக்க மாட்டேங்கறாங்க. எப்படிக் கேப்பாங்க? பேர் அப்படி. நான் வெச்ச பேரு. நானே மாத்திடறேன்."

"சார், பேர் என்ன சார் பண்ணும்? போலீஸ்ல ஒரு மனு குடுங்க. இல்ல, இங்கயே வெச்சுக்கங்க அவளை."

"எத்தனை நாளைக்கும்மா வெச்சுக்கறது? கோயில்ல கட்டிக் குடுத்த பொண்ணு. வேரைப் பிடுங்காம கிளைய வெட்டி என்ன பிரயோஜனம்?"

பத்து நாள் தேடினார். சோஃபியா என்றால் ஞானம், ஆனால் ஞானமுள்ளவளையும் அடிப்பார்கள் என்று தள்ளிவிட்டார். ஹெலன் வேண்டவே வேண்டாம், அந்தக் கசாண்ட்ராவின் ஊர் அழிந்ததே அவளால்தான் என்றார். கடைசியில் ஐரின். அதுவும் கிரேக்குதான். சமாதானம் என்று பொருள். அந்தப் பெயரில் ஒரு தெய்வம் இருந்தாளாம், அவளுக்குச் சிலையும் இருக்கிறதாம். "கையில குழந்தைய வெச்சுக்கிட்டு நிக்கறாம்மா அந்தச் சிலையில!" என்று என்னிடம் சொன்னபோது அவர் முகம் பூரித்துப்போயிருந்தது. வீட்டில் சமாதானமும் வரும், கையில் குழந்தையும் வரும். இரண்டும் ஒரே பெயரில் கிடைத்துவிட்டது அவருக்கு.

பெயரை முறைப்படி மாற்ற வேண்டுமென்றால் அரசிதழில் வர வேண்டும். வேறு ஆளாக இருந்தால் வீட்டில் கூப்பிடுகிற பெயரை மாற்றிக்கொண்டு சும்மா இருந்திருப்பார்கள். இவர் பதிவேட்டில் வாழ்ந்த மனுஷன். எழுத்தில் ஏறாதது எதுவும் அவருக்கு நடந்ததாகவே கணக்கில்லை. விண்ணப்பத்தை டைப் அடித்துக் கொடுத்தது நான்தான். இதுநாள் வரை மரிய கசாண்ட்ரா என்று அழைக்கப்பட்ட நான் இனிமேல் மரிய ஐரின் என்று அறியப்படுவேன். கையெழுத்துப் போட அவளைக் கம்பெனிக்கே கூட்டி வந்தார். போட்டாள். அவர் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் என் காதோரம் குனிந்து, "இது வர எத்தனை நாளாகும்க்கா?" என்று கேட்டாள்.

"மூணு மாசமாவது ஆகும்னு சொல்றாங்க."

"மூணு மாசமா!" அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். "அதுவரைக்கும் அப்பா என்னை அனுப்ப மாட்டார்."

அந்த மூன்று மாதமும் அவளுக்கு விட்ட தவணை. எஸ்டேட்டில் எந்தக் கம்பெனி வாசலில் ஆள் தேவை போர்டு தொங்கினாலும் போய் விண்ணப்பம் கொடுத்தாள். டைப்ரைட்டிங் ஹையர் முடித்திருந்தாள். வேலை கிடைத்ததும் பெண்கள் விடுதியில் இடம் பிடித்துக்கொள்வது என்று முடிவோடு இருந்தாள். சாயங்காலம் நான் வீடு திரும்பும்போது வாசலிலேயே நிற்பாள். அரசிதழ் வந்து சேர கம்பெனி முகவரியைத்தான் அவர் கொடுத்திருந்தார். தபாலைப் பிரித்துப் பதிவது என் வேலை.

"வந்துச்சாக்கா?"

"வரலம்மா."

"அப்பாடா!" என்று உள்ளே போய் எனக்கு ஒரு டம்ளர் காபி கொண்டுவந்து தருவாள். ஒருநாள் காபியைக் கொடுத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வந்துட்டா உங்க டிராயர்லயே போட்டு வெச்சுடுங்கக்கா. ஒரு இடத்துல இன்டர்வியூவுக்கு வரச் சொல்லியிருக்காங்க. கொஞ்ச நாள்தான். உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன்."

சரி என்று சொன்னேன். வாய் கூசாமல் சொன்னேன்.

ஆகஸ்ட் மாதம் அந்தக் கவர் வந்தது. பழுப்புக் கவர், அரசாங்க முத்திரை. டிராயரில் போட்டுப் பூட்டினேன். சாயங்காலம் அவளிடம் கண்ணைக் காட்டினேன், புரிந்துகொண்டாள். அவளுடைய இன்டர்வியூவுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. நாலு நாள் தாக்குப்பிடித்தேன். ஐந்தாவது நாள் அவர் என் மேஜைக்கே வந்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "விக்டோரியாம்மா, அரசாங்க அச்சகத்துல போய் விசாரிச்சேன். போன வாரமே அனுப்பியாச்சுன்னு சொல்றாங்க. கவர் ஏதாவது வந்துச்சா?" என்றார்.

இல்லை என்று சொல்ல ஒரு விநாடி போதும். தபால் பதிவேட்டை அவர் புரட்டிப் பார்த்தால் என் வேலை போகும் என்ற பயம் ஒன்று. இன்னொன்று, அந்த மனுஷன் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல எனக்கு வரவில்லை. அதைவிட அசிங்கமான மூன்றாவதும் ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். அப்பா பெண் விவகாரத்தில் நமக்கென்ன வந்தது என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது. டிராயரைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். ஏன் உள்ளே வைத்திருந்தாய் என்று அவர் கேட்கவே இல்லை. கவரைப் பிரித்து அந்த ஒரு வரியைப் படித்து, கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் புதுப் பெயரைச் சொல்லி வேண்டுதல் வாசிக்க வைத்தார். டைம் ஆபீஸ் ஜன்னலில் எல்லாருக்கும் லட்டு. அடுத்த நாள் காலை அவளைக் கூட்டிக்கொண்டு ஐயப்பன்தாங்கலுக்குக் கிளம்பினார். நான் பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தேன். அவர் கையில் அரசிதழ் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. அவள் கையில் ஒரு பை. என் முகத்தில் முழிக்க மாட்டாள் என்றுதான் நினைத்தேன். கிட்டே வந்து, "போறேங்க்கா," என்றாள்.

"போறேன்னு சொல்லக் கூடாதும்மா. வரேன்னு சொல்லு," என்று திருத்தினார் அவர்.

அவள் சொல்லவில்லை. பஸ் வந்தது, ஏறிவிட்டாள்.

கிறிஸ்துமஸுக்குப் பதினாறு நாள் இருக்கும்போது கம்பெனிக்கு ஃபோன் வந்தது. ஸ்டவ் வெடித்துவிட்டதாம். நான்தான் ஃபோனை எடுத்தேன், நான்தான் அவரோடு ஆட்டோவில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நர்ஸ் ஒருத்தி கதவைத் திறந்து, "ஐரினோட வந்தவங்க யாரு?" என்று கூப்பிட்டாள். அவர் அசையவில்லை. யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று உட்கார்ந்திருந்தார். மறுபடி கூப்பிட்டாள். மூன்றாவது தடவை நான் அவருடைய தோளைப் பிடித்து உலுக்கி, "சார், நம்ம சந்திராவைத்தான் சார்," என்றேன். அப்போதுதான் எழுந்தார். உள்ளே போனபோது அவளுக்கு உயிர் இல்லை.

அடக்கம் முடிந்த நாலாம் நாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். சவரம் செய்யாத முகம். கையில் ஒரு புத்தகம், விரலை நடுவில் விட்டுப் பக்கத்தைப் பிடித்திருந்தார். "இதைப் பாரும்மா. இதை நான் முன்னாடி பார்க்காம விட்டுட்டேன். ஐரின்னு ஒரு வேதசாட்சி இருந்திருக்கா. புனிதை. அவளை உசிரோட தீயில போட்டு..."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "மூடுங்க சார் அதை! இன்னும் எத்தனை பேர்ல சார் தேடுவீங்க? அவ வாயத் தொறந்து உங்ககிட்ட சொன்னா சார். தமிழ்ல சொன்னா! அதுக்கு எந்தப் புஸ்தகத்தைப் பார்க்கணும்?" என்று கத்தினேன். அடுப்படியில் இருந்த என் மாமியார் பயந்து வெளியே ஓடி வந்துவிட்டார். அவர் நின்றுகொண்டே இருந்தார். புத்தகத்தை மூடினார். விரலை எடுக்க மறந்து, விரலோடு மூடினார். நான் அவரைத் திட்டினேனா என்னையே திட்டிக்கொண்டேனா என்று எனக்குத் தெரியவில்லை.

"விசாரணைக்குக் கூப்பிட்டிருக்காங்க," என்றார் கடைசியில். "நீயும் வாம்மா. உன்கிட்டயும் சொல்லியிருக்கா இல்ல?"

கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் பெண் இப்படிச் செத்தால் வருவாய்த் துறை அதிகாரி விசாரிக்க வேண்டும். எங்களுக்கு முன்னாலேயே மாப்பிள்ளை வீட்டார் எழுதிக் கொடுத்திருந்தார்கள். சந்தோஷமாகத்தான் இருந்தாள், ஒரு புகாரும் கிடையாது, அப்படி ஏதாவது இருந்திருந்தால் பெற்ற தகப்பனே கொண்டுவந்து விட்டிருப்பாரா என்று. அதிகாரி அதை எங்களுக்கு வாசித்துக் காட்டினார். வயசானவர், முரட்டுத்தனமாகப் பேசவில்லை.

"உங்க பொண்ணு உங்ககிட்ட ஏதாவது சொல்லுச்சா?"

"சொன்னா சார்." கிறிஸ்துமஸ், மண்ணெண்ணெய் கேன், மாமியார் பார்த்து வைத்திருந்த வேறு பெண், எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார். அவள் சொன்ன வார்த்தைகளை அப்படியே சொன்னார். பதிவேட்டுக்காரர் இல்லையா, மறந்திருக்கவில்லை.

"பொண்ணு கோபத்துல ஏதோ பேசுதுன்னு நீங்க நம்பல. அப்படித்தானே?"

அதிகாரி அதை இரக்கத்தோடுதான் கேட்டார். அந்தப் பதிலை எடுத்துக்கொள்ளட்டும் என்று நீட்டியது போல இருந்தது. ஆமாம் என்று சொல்லியிருந்தால் உலகத்தில் எல்லாத் தகப்பன்களையும்போல அவரும் ஒரு தகப்பனாக இருந்துவிட்டுப் போயிருக்கலாம்.

"இல்ல சார். நம்பினேன். ஒவ்வொரு வார்த்தையும் நம்பினேன்."

"நம்பிட்டு எப்படிங்க கொண்டுபோய் விட்டீங்க?"

அவர் வாய் திறந்தது. கை கண்ணாடிக்குப் போயிற்று, கழற்றினார், துடைக்காமல் மடியில் வைத்துக்கொண்டார். அதிகாரி என் பக்கம் திரும்பினார்.

"உங்ககிட்டயும் சொல்லியிருக்கு. நீங்களாவது நம்பலையாம்மா?"

"நம்பினேன் சார்," என்றேன்.

குமாஸ்தா அதையும் எழுதிக்கொண்டார். எங்கள் இரண்டு பேருடைய பெயரையும் வாசித்து, அடியில் கையெழுத்துப் போடச் சொன்னார்.